சனி ஞாயிறில் வளாகம் முழுக்கப் பூட்டு, எதைத் திறக்கச் சொல்லிக் கேட்பது?

விடுதிவாசி:

வெள்ளி சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கள் வளாகத்தில் ஷட்டர் இறங்க ஆரம்பித்தால் திங்கள் காலை ஒன்பது வரை ஒன்றும் கிடையாது. நூலகம் சனிக்கிழமை மதியம் ஒரு மணியோடு சரி. சுகாதார மையக் கதவில் ஒரு போன் நம்பர் ஒட்டியிருக்கும், அடித்தால் எடுக்க ஆள் இருக்காது. கணினி உதவி மையம், ஜெராக்ஸ், விளையாட்டு அறை எல்லாவற்றுக்கும் பூட்டு. வளாகம்தான் இனி உங்கள் வீடு என்று முதல் நாள் வரவேற்புக் கூட்டத்தில் சொல்கிறார்கள், அந்த வீட்டில் வாரத்துக்கு இரண்டு நாள் படுக்கையறையைத் தவிர வேறு எதற்குள்ளும் போக முடியாது.

மாணவர் பேரவை சார்பில் மனு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். வாய்மொழியாகக் கேட்டபோது நிர்வாகம் சொன்ன பதில், "வார இறுதியில் ஆளே வருவதில்லை, யாருக்காகத் திறப்பது?" எப்படித் தெரியும் என்றால் நூலக வாசலில் இருக்கும் வருகைப் பதிவேட்டைக் காட்டுகிறார்கள். பன்னிரண்டரைக்கே இரவல் கவுன்டரை மூடிவிட்டு, அடுத்த கால் மணியில் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தால் யார் வந்து கையெழுத்துப் போடுவார்கள்? கடையைச் சாத்திவிட்டு வியாபாரம் இல்லை என்கிற கதைதான்.

நான் பத்துக் கோரிக்கை எழுதி வைத்திருக்கிறேன். பத்தும் கேட்டால் ஒன்றும் கிடைக்காது, மூன்று கேள் என்கிறார் பேரவையில் இருக்கும் சீனியர் ஒருவர். எந்த மூன்று? படிக்கிறவர்கள், வேலை பார்க்கிறவர்கள், எல்லாரும் சொல்லுங்கள்.

பஸ் ஜன்னல்:

விடுதிக்காரர்களை மட்டும் மனதில் வைத்து எழுதிவிடாதீர்கள். வீட்டிலிருந்து வந்து போகிற எங்களுக்கும் சனிக்கிழமை லேப் இருக்கிறது, விட்டுப்போன வகுப்பை ஈடுகட்டுவதும் அன்றைக்குத்தான். லேப் திறந்திருக்கும், அதே மாடியில் கழிவறை பூட்டியிருக்கும். குடிதண்ணீர் மெஷினை வெள்ளிக்கிழமையே அணைத்துவிட்டுப் போயிருப்பார்கள். லேப் முடிவது நாலரை, பேருந்து கிளம்புவது நாலு இருபது, அடுத்தது ஐந்து ஐம்பது. இந்த அட்டவணையைப் போட்டவர் ஒரு நாளாவது அதில் ஏறியிருப்பாரா தெரியவில்லை.

நூலக மேசை:

நான் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்க்கிறேன், எங்கே என்பது வேண்டாம். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவளாகச் சொல்கிறேன்.

நூலகத்தைத் திற என்று நீங்கள் இரண்டு சொல்லில் கேட்பது எங்களுக்கு நாலு வேலை: இரவல் கவுன்டர், புத்தகங்களை அடுக்கில் திரும்ப வைப்பது, கணினி அறை, உட்கார்ந்து படிக்கிற கூடம். வார இறுதியில் உங்களில் பெரும்பாலானவர்களுக்கு வேண்டியது கடைசி ஒன்றுதான். மேசை, நாற்காலி, நல்ல வெளிச்சம், பிளக் பாயின்ட், கழிவறை. அதற்கு நூலகரே தேவையில்லை, வாசலில் ஒருவர், உள்ளே ஒருவர் இருந்தால் போதும். ஆனால் கூடத்துக்குத் தனி வாசல் இல்லாத கட்டடமாக இருந்தால் அடுக்குகளைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும், அப்போது புத்தகத்துக்குக் காவல் வேண்டும், அதற்கு ஆள் வேண்டும், கோப்பு அந்த இடத்திலேயே நின்றுவிடும். முதலில் போய் உங்கள் கூடத்துக்கு எத்தனை கதவு என்று பாருங்கள். தரைத்தளத்தில் தனிக்கதவு இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம் ஆள் விஷயம். "ஊழியர்கள் சனி, ஞாயிறிலும் பணிக்கு வர ஆவன செய்ய வேண்டும்" என்று மாணவர் மனுக்களில் ஒரு வரி எப்போதும் இருக்கும், படிக்கும்போதே எங்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வு என்பது சும்மா கிடைத்ததில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1921இல் தொழிற்சாலைகளுக்கும் 1957இல் வணிக நிறுவனங்கள், அலுவலகங்களுக்கும் இதற்கென்றே தனித்தனி உடன்படிக்கை போட்டிருக்கிறது. ஞாயிறு வருகிறவருக்கு எந்த நாள் லீவு, அந்த நாளில் அவர் இடத்தில் யார் என்பதையும் மனுவில் எழுதினால் ஊழியர் சங்கம் உங்களோடு நிற்கும். எழுதாவிட்டால் முதல் எதிர்ப்பு எங்களிடமிருந்துதான் வரும், நானே முன்வரிசையில் இருப்பேன்.

நேரத்தையும் மாற்றிக் கேளுங்கள். சனி காலை எட்டிலிருந்து ஒன்று வரை திறந்துவைத்துவிட்டு ஆள் இல்லை என்பதில் அதிசயம் என்ன இருக்கிறது? இருபது வயதில் உடம்பின் கடிகாரம் பிந்தித்தான் ஓடும். வார நாளில் அலாரத்துக்கு எழுந்து லீவு நாளில் உடம்பு கேட்கிறபடி தூங்குவதால் உண்டாகும் இடைவெளிக்கு 2006இல் டில் ரோன்னபெர்க் என்ற உடற்கடிகார ஆய்வாளரின் குழுவினர் சமூக ஜெட் லாக் என்று பெயரே வைத்தார்கள். ஐந்து மணி நேரம்தான் கொடுப்போம் என்றால் மாலை நாலு முதல் ஒன்பது வரை வாங்கிக்கொள்ளுங்கள். அதே சம்பளம், ஏறக்குறைய அதே மின்சாரம், வருகிற கூட்டம் மட்டும் வேறாக இருக்கும்.

கேள்விக்குறி:

அக்கா, எல்லாம் சரி, அந்த "உள்ளே ஒருவர்" யார்? மாணவர்தானே? அரைச் சம்பளத்துக்கு ஒரு பையனை உட்காரவைத்துவிட்டு சேவையை விரிவுபடுத்திவிட்டோம் என்று அறிக்கை விடுவார்கள். இது எங்கே போய் முடியும் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஆய்வு மாணவி:

கேள்விக்குறி சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் மாணவர் வேலை என்றாலே சுரண்டல் என்று தள்ளிவிட முடியாது. அலெக்சாண்டர் ஆஸ்டின் என்ற கல்வி ஆய்வாளர் 1970களில் அமெரிக்க மாணவர்களை வைத்து, யார் படிப்பை நடுவில் விடுகிறார்கள் என்று ஆராய்ந்தார். வளாகத்துக்குள்ளேயே பகுதிநேர வேலை பார்த்தவர்கள் படிப்பில் நிலைத்திருப்பதற்கான வாய்ப்பு கூடியது, வெளியே முழுநேர வேலைக்குப் போனவர்களுக்கு நேர் எதிர். காரணமும் புரிகிறதுதானே, வளாகத்தில் வேலை பார்க்கிறவன் நாலு பேராசிரியரை, நாலு ஊழியரை, மற்ற துறைப் பிள்ளைகளைப் பார்க்கிறான், அவனுக்கு அங்கே ஓர் இடம் இருக்கிறது. வார இறுதியில் பிழைப்புக்காக வெளியே வேலைக்கு ஓடுகிற பலருக்கு அதே ஆறு மணி நேரம் கூடத்தின் வாசலில் கிடைத்தால் பெரிய விஷயம். சம்பளம் முழுதாக வர வேண்டும், தேர்வு வாரத்தில் ஷிப்டை மாற்றிக்கொள்ள உரிமை வேண்டும். சம்பளத்தைச் சான்றிதழாகக் கொடுக்கிறோம் என்றால் வாங்காதீர்கள்.

மெஸ் கமிட்டி:

சாப்பாட்டை யாரும் எடுக்கவில்லையே. எங்கள் விடுதியில் ஞாயிறு மதியச் சாப்பாட்டோடு ராத்திரிக்கும் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு அடுப்பை அணைத்துவிடுவார்கள். ஒரு மணிக்குக் கட்டியதை எட்டரைக்குப் பிரித்தால் மூடியின் உள்பக்கம் முழுக்க நீர் கோத்து, அடியில் இருப்பது கொழகொழவென்று ஆகியிருக்கும், மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்போம். இது ருசிப் பிரச்சினை இல்லை. சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதே, பரிமாறும்வரை 60 டிகிரிக்கு மேல் சூடாக வை, இல்லாவிட்டால் 5 டிகிரிக்குக் கீழே குளிரில் வை என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாங்கள் ஏழரை மணி நேரம் கட்டிலுக்கடியில் வைக்கிறோம். திங்கள்கிழமை காலை வகுப்புக்கு ஏன் பாதிப் பேர் வரவில்லை என்று கேட்கிற பேராசிரியர்கள் ஞாயிறு ராத்திரி விடுதிக்கு வந்து பார்க்கலாம்.

இதற்கு யோசித்து ஒன்று கொடுத்திருக்கிறோம். ஞாயிறு காலை ஏழு மணிச் சாப்பாட்டுக்கு வருகிறவர்கள் மிகக் குறைவு, வீணாவதுதான் அதிகம். அதை எடுத்துவிட்டு, பத்தரையிலிருந்து ஒன்று வரை ஒரே சாப்பாடு. அப்புறம் ராத்திரி ஏழு மணிக்குச் சுடச்சுட இன்னொன்று. மூன்று வேளைக்குச் சமைத்ததற்குப் பதில் இரண்டு வேளைக்கு. சமையல்காரர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து ஆளுக்கொரு ஞாயிறு முழு லீவு எடுத்துக்கொள்வார்கள். அவர்களிடம் கேட்டோம், பொட்டலம் கட்டுகிற ஞாயிறுகளில் வீட்டுக்குப் போகவே நாலு மணி ஆகிறது, வாராவாரம் அரை நாளுக்குப் பதில் மாற்றி மாற்றி முழு நாள் கிடைத்தால் நல்லது என்றார்கள். நிர்வாகத்துக்குத் தேவை தலைக்கணக்குதான். ஊருக்குப் போகிறவர்கள் வெள்ளி மதியத்துக்குள் பெயரை அடித்துவிட வேண்டும், அடித்தால் பில்லில் கழிவு. கழிவு இல்லை என்றால் ஒருத்தனும் அடிக்க மாட்டான், அந்தக் கணக்கு ஒருநாளும் சரியாக வராது.

துவைப்புக் கணக்கு:

ஞாயிறு துணி துவைக்கும் அறையில் அடிதடி நடக்காத குறை, வாளியை வைத்து இடம் பிடிப்பது, மெஷின் நின்றதும் அடுத்தவன் ஈரத்துணியை எடுத்துத் தரையில் போடுவது. மெஷின் போதவில்லை, இன்னும் வாங்கு என்றுதான் எல்லா மனுவிலும் எழுதுவார்கள். கணக்கு போட்டுப் பாருங்கள். 300 பேர், 6 மெஷின், ஆளுக்கு வாரம் ஒரு தடவை, ஒரு தடவைக்கு 45 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 225 மெஷின் மணி. ஞாயிறு காலை ஏழு முதல் இரவு பத்து வரை 6 மெஷினும் நிற்காமல் ஓடினாலும் 90 மணிதான், 120 பேர் துவைக்கலாம், 180 பேர் வாளியோடு நிற்பார்கள். அதே அறை ஏழு நாளும் அந்த நேரம் திறந்திருந்தால் 630 மணி கிடைக்கும், தேவை அதில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம். ஆக மெஷின் இருக்கிறது, வார நாளில் சாயங்காலம் ஆறு மணிக்கு அறையைப் பூட்டுகிறார்கள். ஆறு மணிக்குத்தான் நாங்கள் வகுப்பிலிருந்தே வருகிறோம். ஞாயிறு நெரிசலைத் தயாரிப்பது புதன்கிழமைப் பூட்டு.

கேள்விக்குறி:

இதே ரகத்தில் இன்னொன்று. அசைன்மென்ட் கெடு ஞாயிறு இரவு 11.59. கணினி உதவி மையம் மூடுவது வெள்ளி ஐந்து மணி. சனிக்கிழமை பாஸ்வேர்டு முடங்கினால் கதை முடிந்தது. உதவி மையத்தை ஞாயிறு திறக்கச் சொல்லவே வேண்டாம், கெடுவைத் திங்கள் சாயங்காலத்துக்கு மாற்றுங்கள். ஒரு பைசா செலவில்லை. ஆனால் செலவில்லாத யோசனைக்குத்தான் பல்கலைக்கழகத்தில் மரியாதை கிடையாது, குழு போட மாட்டார்கள்.

இரண்டாம் மாடி:

எல்லாரும் எதைத் திறப்பது என்று பேசுகிறீர்கள், எந்தக் கதவைத் திறப்பது என்று நான் கேட்கிறேன். நான் சக்கர நாற்காலியில் இருப்பவள். தேர்வுக் காலத்தில் எங்கள் துறைக் கட்டடத்தை ஞாயிறும் திறந்தார்கள், பெரிய அறிவிப்பெல்லாம் வந்தது. போய்ப் பார்த்தால் சாய்தளம் இருக்கிற முன்வாசலுக்குச் சங்கிலி போட்டுவிட்டு, காவலர் உட்கார வசதி என்று பக்கவாட்டுக் கதவைத் திறந்திருக்கிறார்கள், அதற்கு நாலு படி. நண்பர்கள் தூக்கி உள்ளே வைத்தால் லிப்ட் ஓடவில்லை, சாவி மின்பிரிவில், மின்பிரிவு திங்கள்தான் வரும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐநா உடன்படிக்கை 2006இல் வந்தது, 9ஆம் பிரிவு முழுக்க அணுகல்தன்மை பற்றியது, கட்டடம், போக்குவரத்து எல்லாம் அதில் இருக்கிறது. அதில் திங்கள் முதல் வெள்ளி வரை என்று எங்கேயும் போடவில்லை. ஒரே ஒரு கட்டடத்தைத்தான் திறப்பார்கள் என்றால் படி இல்லாத கட்டடமாகப் பார்த்துத் திறக்கச் சொல்லுங்கள். என் ஓட்டு அதற்கு மட்டும்தான்.

விடுதிவாசி:

இது என் பத்தில் இல்லவே இல்லை. சேர்க்கிறேன்.

முதலுதவி:

அதோடு இதையும் சேருங்கள். மாரடைப்பில் இதயம் நின்றுபோனால் மின் அதிர்ச்சி கொடுக்கிற ஏஇடி கருவி உங்கள் வளாகத்தில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். பல இடங்களில் உடற்பயிற்சிக்கூட அலுவலகத்துக்குள்ளேயோ நிர்வாகக் கட்டடத்து வரவேற்பிலோ மாட்டியிருக்கும், இரண்டும் வெள்ளி மாலை பூட்டப்படுகிற இடம். மைதானத்தில் போட்டி நடப்பதோ ஞாயிறு. நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்ய ஆள் இல்லாமல் போனால், அதிர்ச்சி கொடுக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு ஏறக்குறைய 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. பெட்டியைச் சுவரின் வெளிப்பக்கம் மாட்ட ஒரு ஆணியும் ஒரு முடிவும் போதும். சுகாதார மையத்தை இரண்டு நாளும் முழுக்கத் திற என்று சண்டை போடுவதற்கு முன்னால் இதையும், அந்தப் போனை எடுக்க ஒரு நர்ஸையும் கேளுங்கள். மனநல ஆலோசனைக்கும் அதே எண்தான் என்று ஆக்கிவிட்டால் இன்னும் நல்லது. தனியாக அறையில் கிடக்கிறவனுக்குச் சனிக்கிழமை ராத்திரிதான் நீளம், ஆலோசகருக்கு வேலை நேரம் ஒன்பதிலிருந்து ஐந்து.

தனி அறை:

ஒரு மாற்றுக் கருத்து, திட்ட வேண்டாம். வளாக வாழ்க்கையை மேம்படுத்துகிறோம் என்று கிளம்பினால் கடைசியில் மேடை, மைக், சவுண்டு பாக்ஸ், கட்டாய வருகை, போட்டோ என்றுதான் முடியும். வாரம் முழுக்க அட்டவணைப்படி ஓடுகிறோம், அந்த இரண்டு நாளாவது விடுங்கள். சும்மா இருக்கிற உரிமையும் வளாக வாழ்க்கைதான்.

ஆய்வு மாணவி:

இதற்கு ஏன் திட்டுவார்கள், எனக்கும் அதே எண்ணம்தான். 1975இல் வின்சென்ட் டின்டோ என்ற கல்வி ஆய்வாளர் எழுதியது, படிப்பை நடுவில் விடுவதில் மதிப்பெண்ணோடு, அந்த இடத்தில் கலந்து பழகிப் பொருந்திப்போவதற்கும் பங்கு உண்டு என்பது. அதை எடுத்துக்கொண்டு பெரிய விழா நடத்தினால் பொருந்திவிடுவார்கள் என்று பல நிர்வாகங்கள் நினைக்கின்றன. விழாவில் ஆயிரம் பேர் நடுவே நிற்கிறவன் யாரோடும் பேசாமல் திரும்பி வரலாம். என் கண்முன் உருப்படியாக நடந்தவை எல்லாம் சின்னவை. ஒரு காலி வகுப்பறைக்குச் சாவி கிடைத்தது, ஏழெட்டுப் பேர் சனிக்கிழமை சதுரங்கம் ஆட ஆரம்பித்தார்கள், மூன்றாம் வாரம் ஒருத்தி கிதார் கொண்டுவந்தாள், ஒருவன் எல்லாருக்கும் புள்ளியியல் சொல்லிக் கொடுத்தான். யாரும் ஏற்பாடு செய்யவில்லை. அப்புறம் எங்கள் துறைத்தலைவர் மாறினார், சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், அதோடு அது போயிற்று. எனவே நிகழ்ச்சி கேட்காதீர்கள், அறை கேளுங்கள்.

பஸ் ஜன்னல்:

பேருந்தை மறந்துவிடுவீர்கள் போலிருக்கிறது. ஒன்றரை மணிக்கு ஒன்று என்றால், நேரம் பார்க்காமல் வந்து நிற்கிறவன் சராசரியாக முக்கால் மணி காத்திருக்கிறான். அதனால் ஏற மாட்டான், ஏறாததால் இன்னொரு டிரிப்பைக் குறைப்பார்கள், இன்னும் ஆள் குறையும். 1972இல் ஹெர்பர்ட் மோரிங் என்ற பொருளாதார அறிஞர் இதன் மறுபக்கத்தைக் காட்டினார், ஆள் கூடினால் பேருந்து கூடும், கூடினால் காத்திருப்பு குறையும். கூடுதல் பேருந்து தராவிட்டாலும் இருப்பதை லேப் முடிகிற நேரத்துக்கும் கூடம் மூடுகிற நேரத்துக்கும் கால் மணி தள்ளி வைக்கட்டும். கூடம் ஒன்பதுக்கு மூடி, கடைசிப் பேருந்து ஆறரைக்கு என்றால் அந்தக் கூடம் எங்களுக்கு இல்லை.

விடுதிவாசி:

எல்லாவற்றையும் படித்துவிட்டு மாற்றி எழுதுகிறேன். முதல் கோரிக்கை, எல்லாக் கட்டடத்தையும் கேட்காமல் ஒரே ஒரு கட்டடம், படி இல்லாத வாசல், லிப்ட், கழிவறை, குடிதண்ணீரோடு, சனி ஞாயிறு மாலை நாலு முதல் ஒன்பது வரை, அதிலேயே படிக்கிற கூடமும் சும்மா கூடுகிற ஓர் அறையும், வாசலில் ஏஇடி பெட்டியும். ஒன்பதே காலுக்கு ஒரு பேருந்து. இரண்டாவது, ஞாயிறு இரவுச் சாப்பாடு, மெஸ் கமிட்டி சொன்ன அதே முறையில். மூன்றாவது, போனை எடுக்கிற ஒரு நர்ஸ். செலவில்லாதவற்றை, அதாவது அசைன்மென்ட் கெடு, துவைக்கும் அறையின் வார நாள் நேரம், இரண்டையும் தனிக் கடிதமாகக் கொடுத்துவிடலாம். ஒரு செமஸ்டர் சோதனையாக நடத்தச் சொல்கிறேன், மணிக்கு ஒரு தடவை தலை எண்ணிக்கை நாங்களே எடுத்துக் கொடுக்கிறோம்.

நூலக மேசை:

நன்றாக வந்திருக்கிறது தம்பி, ஆனால் இரண்டு ஓட்டை. ஒன்று, சோதனையைச் செமஸ்டரின் முதல் வாரம் ஆரம்பித்து நாலாவது வாரமே அறிக்கை கேட்பார்கள், அப்போது யாரும் படிக்க வந்திருக்க மாட்டீர்கள், திட்டம் தோல்வி என்று எழுதி மூடிவிடுவார்கள். தேர்வு மாதமும் தேர்வு இல்லாத மாதமும் சேர்ந்த கணக்கைத்தான் ஏற்க வேண்டும் என்று இப்போதே போடுங்கள். ஒன்பதுக்கு மூடும்போது இடமிருந்தும் வெளியே அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதையும் எண்ணுங்கள், மூடிய கதவுக்கு வெளியே இருப்பவர்களை எந்தப் பதிவேடும் எழுதுவதில்லை.

இரண்டாவது, சாவி யார் பெயரில்? பாதுகாப்புப் பிரிவு, கட்டடங்களைப் பராமரிக்கிற எஸ்டேட் பிரிவைக் கைகாட்டும், எஸ்டேட் துறைத்தலைவரை, துறைத்தலைவர் பதிவாளரை. கையெழுத்துப் போட்டு வாங்கி, கையெழுத்துப் போட்டு ஒப்படைக்கிற பதவி எது என்று மனுவில் இருக்க வேண்டும். ஆளின் பெயர் வேண்டாம், பதவி. ஆள் மாறிப்போவார், ஆய்வு மாணவி சொன்னது போல.

தனி அறை:

அந்த "சும்மா கூடுகிற அறை"யில் ஸ்பீக்கர் கூடாது என்றும் ஒரு வரி.

விடுதிவாசி:

போட்டுவிட்டேன். அக்கா, பாதுகாப்புப் பிரிவின் ஷிப்டு மேற்பார்வையாளர் பதவியைச் சாவிக்கு எழுதியிருக்கிறேன், அவர்தான் சனி ஞாயிறும் டியூட்டியில் இருப்பார். லிப்ட் சாவியும் அவரிடமே. வியாழக்கிழமை பேரவைக் கூட்டம், முடிந்ததும் என்ன சொன்னார்கள் என்று இங்கேயே எழுதுகிறேன்.